தவமணி என்கிற சாராள்

உங்கள் பெயரை ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு, வேறொரு பெயரை உங்கள் கையில் தந்தால் என்ன செய்வீர்கள்? சண்டை பிடிப்பீர்களா, நன்றி சொல்வீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்லவேண்டாம். தவமணி நன்றிதான் சொன்னார்.

அது 1994ஆம் ஆண்டு. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்தில், ஒரு பாடசாலையின் நீச்சல் குளத்தை ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுக்கு வாடகைக்கு எடுத்திருந்தது தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபை. ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் வெள்ளை உடுப்போடு குளக்கரையில் வரிசையாக நின்றார்கள். பரலோகம் குளோரின் மணத்தது. லோரன்ஸ் பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தவமணியின் தலையை அமுக்கி எடுத்தார். "பழைய மனுஷி செத்துப்போனாள். தவமணி இனி இல்லை. இண்டையிலயிருந்து நீங்கள் சாராள்" என்றார். தண்ணீர் சொட்டச் சொட்டத் தவமணி கைகூப்பி, "நன்றி பாஸ்டர்" என்றார்.

தவமணி என்பது தவத்தை நம்புகிறவர்கள் வைத்த பெயராம். சபைக்கு அது ஆகாது. ஆபிராம் ஆபிரகாம் ஆனான், சாராய் சாராள் ஆனாள், யாக்கோபு இஸ்ரவேல் ஆனான், ஆகவே சாவகச்சேரித் தவமணியும் மாறவேண்டும் என்பது கணக்கு. ஒரு மனுஷி நல்லவளாக வாழ்வதற்கு அவளைப் பெற்றவர்கள் ஆசையோடு வைத்த பெயர் எப்படித் தடையாகும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் வெளியே காரில் இருந்தார்.

அவர்தான் தவமணியின் கணவர் ஜீவரட்ணம். சாமி கும்பிடாதவர், சாமி கும்பிடுகிறவர்களை மறிக்காதவர். "நீர் போய் நனையும். ஒராள் எண்டாலும் காய்ஞ்சிருந்தாத்தானே கார் ஓடலாம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டபடி வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். மனைவி வெளியே வந்ததும் துவாயை நீட்டினார்.

"தவம், தலையை வடிவாத் துடையும். தடிமன் பிடிக்கப்போகுது."

தவமணி செத்து அப்போது கால்மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

சபையை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் நியாயமில்லை. டென்மார்க்குக்கு வந்த புதிதில், தவமணியின் முதல் கரு தங்காமல் போய் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பனியில் பேருந்து ஏறிச் சோறும் ரசமும் கொண்டுவந்தவர்கள் அந்தச் சபைப் பெண்கள். மொழி தெரியாத ஊரில் பக்கத்தில் இருந்து தலை தடவியவர்கள் அவர்கள். அந்தக் கைகளுக்காகத்தான் அவர் தண்ணீரில் இறங்கினார். ஆபிரகாமுக்காக அல்ல.

ஜீவரட்ணத்தின் பெயருக்கு நடந்தது வேறு கூத்து. ஊர் வழக்கப்படி அவருடைய கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால்: கந்தையா ஜீவரட்ணம். டேனிஷ்காரருக்கு முன்னால் நிற்பதுதான் ஆளின் பெயர், பின்னால் நிற்பது குடும்பப் பெயர். ஆகவே இறைச்சித் தொழிற்சாலையில் அவர் முதல் நாளிலிருந்தே "கந்தையா". கத்தி தீட்டுகிறவர், மேற்பார்வையாளர், சாப்பாட்டுக்கூடப் பெண் எல்லோருக்கும் கந்தையா. திருத்திச் சொல்லுங்கோ என்று தவமணி எத்தனையோ முறை கெஞ்சினார். அவர் கேட்கவில்லை.

"இஞ்சேரும், என்ர அப்பு கந்தையா சாகுமட்டும் கொடிகாமம் சந்தை தாண்டிப் போகேல்லை. இப்ப பாரும், ஐரோப்பாவில மூண்டு ஷிப்ட் வேலை செய்யிறார். ஏன் மனுசன்ர வேலையைப் பறிக்கவேணும்?"

சம்பளம் கூடினால் "அப்புவுக்குக் கூட்டிப்போட்டாங்கள்" என்பார். மேற்பார்வையாளர் ஏசினால் "இண்டைக்கு அப்புவுக்குப் பேச்சு விழுந்தது, நான் பேசாமல் நிண்டன்" என்பார். மகள் ஜெனிதா சின்ன வயதில், தாத்தா உண்மையாகவே தொழிற்சாலைக்குள் எங்கோ இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு சாப்பாட்டுப் பெட்டி கட்டச் சொல்லி ஒருநாள் அழுதாள். தவமணியும் கட்டிக் கொடுத்தார். ஜீவரட்ணம் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு வந்து, "அப்புவுக்கு உப்புக் காணாதாம்" என்றார்.

வருடங்கள் போயின. தவமணி முதியவர்களை வீடுவீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். அங்கே அவர் சாரா. டேனிஷ் நாக்குக்கு அது இலகு, அவருக்கும் வசதி. சபையில் சாராள் அக்கா, வேலையில் சாரா. கனடாவில் இருக்கும் தங்கை அழைப்பது வெறும் அக்கா என்று. தவம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரேயொரு குரல். குளியலறையிலிருந்து, மாடிப்படியிலிருந்து, கடைக்குள் மரக்கறித் தட்டுகளுக்கு அந்தப்பக்கத்திலிருந்து, "தவம்! தவம், வெண்டிக்காய் வந்திருக்கு!"

அந்தக் குரல் நான்கு வருடங்களுக்கு முன்னர் நின்றுபோனது. இருதயம்.

இறுதிச் சடங்கில் தொழிற்சாலைத் தோழர் நீல்ஸ் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்து, கந்தையாவைப்போல ஒரு மனிதனைத் தான் கண்டதில்லை என்று பேசினார். பின்வரிசையில் ஊர்க்காரக் கிழவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "கந்தையா அண்ணை எப்பவோ செத்திட்டாரெல்லோ, இவர் ஏன் இப்ப அழுறார்?" என்றார். தவமணிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தார். யாருக்குச் சொல்வது என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

கணவரின் பெயர் அதன்பின் அந்த நாட்டில் தங்கியிருந்தது இரண்டு பேரிடம். டேனிஷ்காரர் குடும்பப் பெயராக்கிவிட்ட "ஜீவரட்ணம்", மனைவியின் பெயருக்குப் பின்னாலும் மகளின் பெயருக்குப் பின்னாலும் நின்றது.

போன வருடம் இலையுதிர் காலத்தில் மகள் அதைக் கழற்றப்போகிறேன் என்றாள்.

ஜெனிதா கட்டடப் பொறியியல் படித்து முடித்து ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவர்களில் அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவர்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஓர்ஹூஸ் நகரத்துக் கட்டட நிறுவனம் ஒன்று அவளுக்குப் பதிலே போடவில்லை. ஒரு மாதம் கழித்து அதே நிறுவனம் அதே வேலைக்கு மறுபடி ஆள் கேட்டது. அவள் அதே விண்ணப்பத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல், பெயரை மட்டும் ஜெனி லுண்ட் என்று போட்டு அனுப்பினாள். இரண்டாம் நாளே நேர்முகத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது.

லுண்ட் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் வைத்திருக்கும் பெயர். அப்படிப் பரவலான பெயரை யாரும் சட்டப்படி எடுத்துக்கொள்ளலாம். கணினியில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் போதும். ஜெனிதா எல்லாவற்றையும் நிரப்பி, கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தாமல் வைத்திருந்தாள்.

"அப்பாவின்ர பேரைக் குப்பையில போடப்போறியோ?" என்றார் தவமணி.

ஜெனிதா வீட்டில் டேனிஷில்தான் பதில் சொல்வாள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள். அதனால்தான் கூடுதலாக வலித்தது.

"அம்மா, நீங்கள் மாத்தினனீங்கள்தானே? உங்கட அம்மா அப்பா வைச்ச பேர் எங்கை? நீங்கள் மாத்தினா ஆண்டவரின்ர சித்தம். நான் மாத்தினா குப்பையோ?"

தவமணி அடுப்புப் பக்கம் திரும்பினார். அடுப்பை அணைத்துவிட்டு நின்றார். அணைத்த பிறகுதான் கறி இன்னும் கொதிக்கவில்லை என்று தெரிந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போனார். அவருடைய முதல் வீடு எப்போதும் லியோ ஹன்சனுடையது. எண்பத்தாறு வயது, யூதர், மனைவியை இழந்தவர். கடவுளோடு பேச்சுவார்த்தை முறிந்து பல காலம் என்றாலும் கடவுளைப் பற்றிய புத்தகங்களை விடாமல் வாசிப்பவர். அவருடைய வீங்கிய கால்களுக்கு இறுக்கக் காலுறை மாட்டிவிடுவது தவமணியின் வேலை. முன்னால் முழங்காலிட்டு இழுத்து இழுத்து ஏற்றவேண்டும். அந்த நேரம் முழுவதும் பேச்சுத்தான். டேனிஷில் பெரியவர் சிறியவர் பேதமில்லாமல் எல்லோரும் எல்லோருக்கும் நீ.

"இன்றைக்கு என் காலைக் கொலை செய்கிறாய். யார்மேல் கோபம், சாரா?"

தவமணி எல்லாவற்றையும் சொன்னார். நீச்சல் குளத்தில் தொடங்கி, அடுப்படியில் முடித்தார். லியோ இடைமறிக்காமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உன் புருஷன் உன்னை எப்படிக் கூப்பிட்டான்?"

"தவம் என்று. கடைசிவரைக்கும்."

லியோ சிரித்த சிரிப்பில் பாதி ஏற்றிய காலுறை கீழே இறங்கியது.

"ஐயோ பாவம்! தடை செய்யப்பட்ட ஒரே ஆள் அவன்தான்! எங்கள் பழைய வேதகுருமார், ரபிமார், இதை விவாதித்திருக்கிறார்கள். ஆபிரகாமைப் பழையபடி ஆபிராம் என்று சொல்கிறவன் கட்டளையை மீறுகிறான். சரி, அப்படியானால் சாராளைச் சாராய் என்று சொல்கிறவன்? அவனுக்குக் குற்றமில்லை. ஏனென்றால் கடவுள் ஆபிரகாமைப் பார்த்துத்தான் சொன்னார், உன் மனைவியைச் சாராய் என்று அழைக்காதே என்று. ஊரார் எப்படியும் கூப்பிடலாம், புருஷன் மட்டும் கூப்பிடக்கூடாது. உங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ்."

"அவர் எதைச் சொன்னாலும் தலைகீழாகத்தான் செய்வார்" என்றார் தவமணி. சிரித்தபடிதான் சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தாமல், இறங்கிய காலுறையை மறுபடி விரலிலிருந்து ஏற்றத் தொடங்கினார். லியோ சுவரைப் பார்த்தார்.

"அந்த ரபிமார் இன்னொன்றும் சொன்னார்கள்" என்று லியோ தொடங்கினார். "மனிதனுக்கு எதிராக எழுதப்பட்ட தீர்ப்பை நான்கு காரியங்கள் கிழித்துப்போடுமாம். தர்மம், கதறல், நடத்தையை மாற்றுவது, பெயரை மாற்றுவது. பெயருக்குச் சாட்சி சாராள்தான். பெயர் மாறியது, பிள்ளை கிடைத்தது."

"அப்படியானால் என் மகள் செய்வது சரிதானே? பெயரை மாற்றினாள், தீர்ப்புக் கிழிந்துவிட்டது."

"கிழிந்தது உண்மை. என் தாத்தாவுக்கும் கிழிந்தது. கொப்பன்ஹேகனில் தையல்கடை வைத்திருந்தார். ரபினோவிச் என்று பலகை போட்டபோது ஈ ஓட்டினார். ஹன்சன் என்று போட்டதும் ஆட்கள் வந்தார்கள். பிறகு 1943 வந்தது. ஜெர்மன்காரர் யூதர்களைப் பிடிக்கப் பட்டியலோடு வந்தபோது ஹன்சன் எங்களைக் காப்பாற்றவில்லை. இரவோடிரவாகச் சுவீடனுக்கு ஏற்றிப்போன ஒரு மீன்பிடிப் படகுதான் காப்பாற்றியது. எனக்கு ஐந்து வயது."

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். வானத்தில் எழுதப்படும் தீர்ப்பைப் பெயர் மாற்றம் கிழிக்குமா என்பது ரபிமாரின் விவாதம். அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஜெனிதாவுக்கு எதிரான தீர்ப்பு வானத்தில் எழுதப்படவில்லை. ஓர்ஹூஸில், நல்ல வெளிச்சமான ஒரு அறையில், காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எழுதினான். படிப்பைப் பார்க்கவில்லை, புள்ளியைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்து ஒதுக்கினான். அவனிடம் கேட்டால் தனக்கு யார்மேலும் வெறுப்பில்லை என்று சத்தியம் செய்வான். அந்தச் சத்தியம் உண்மையாகவும் இருக்கலாம். வெறுப்பே இல்லாமல் இவ்வளவு அநியாயம் செய்ய முடிகிறது. மாறவேண்டிய நடத்தை அவனுடையது. மாற்றச் சொல்லப்பட்ட பெயர் அவளுடையது.

தவமணிக்கு இவ்வளவு சொற்களில் யோசிக்கத் தெரியாமலில்லை. ஆனால் அவர் கேட்டது வேறு.

"யாக்கோபு? அவனுக்கும் பெயர் மாறியதே?"

"அவனுடையது வேறு கதை" என்றார் லியோ. "யாக்கோபு என்றால் குதிகாலைப் பிடித்தவன். அண்ணனை ஏய்த்து ஆசீர்வாதம் வாங்கினவன். அவனைப் பார்த்து, நீ இனி ஏய்த்து வாங்கவேண்டாம், உனக்குரியதை நேருக்கு நேர் வாங்கிக்கொள் என்பதற்காக இஸ்ரவேல் என்ற பெயர் வந்தது என்று ஒரு விளக்கம். ஆனால் அவனைப் பழைய பெயரால் கூப்பிட்டால் குற்றமில்லை. ஏனென்றால் கடவுளே பிறகு கூப்பிட்டுவிட்டார். புதுப் பெயர் பழையதை வேரோடு பிடுங்குவதற்கல்ல, புதியது முன்னால் நிற்கும், பழையது பக்கத்தில் நிற்கும், என்று முடித்தார்கள்."

அன்று பேருந்தில் தவமணி கைத்தொலைபேசியில் வேதாகமத்தைத் திறந்து அந்த இடத்தைத் தேடினார். பஞ்சம் பிடித்த நாட்டைவிட்டு, கிழவன் யாக்கோபு குடும்பத்தையே வண்டிகளில் ஏற்றிக்கொண்டு எகிப்துக்குப் போகிறான். போகப் பயம். எல்லையில், யாக்கோபே, யாக்கோபே என்று இரண்டு தரம் கூப்பிடுகிறது குரல். சபையில் எத்தனையோ தரம் வாசித்த இடம். நாட்டைவிட்டுப் போகிற ஒரு மனிதனை அந்த வேளையில் பழைய பெயரால்தான் கடவுள் கூப்பிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. இறங்கவேண்டிய தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டது.

அந்த ஞாயிறு ஜெனிதாதான் தாயைக் காரில் சபைக்கு ஏற்றி வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாலும் கார் ஓட்டினாள். மண்டபத்தின் பின்வரிசையில் தொலைபேசியோடு இருந்தாள். லோரன்ஸ் பாஸ்டர் வழக்கம்போல, "சகோதரி சாராள் எழும்பி ஜெபம் பண்ணுவா" என்றார்.

தவமணி எழுந்தார். ஜெபம் பண்ணவில்லை.

"பாஸ்டர், ஒரு விண்ணப்பம். என்னை இனித் தவமணி சாராள் எண்டு கூப்பிடுங்கோ."

பாஸ்டருக்கு இப்போது எழுபது வயது. கோபக்காரர் அல்ல. கொஞ்சம் திகைத்துவிட்டு, "ஏன் சகோதரி, ஆபிரகாமை ஆண்டவர் திரும்ப ஆபிராம் எண்டு கூப்பிட்டவரோ?" என்றார்.

"இல்லை பாஸ்டர். ஆனா யாக்கோபைக் கூப்பிட்டவர். இஸ்ரவேல் எண்டு மாத்தினாப் பிறகுதான் கூப்பிட்டவர். நாட்டை விட்டுப் போகேக்குள்ள, பயந்துகொண்டு நிக்கேக்குள்ள, பழைய பேரிலை இரண்டு தரம் கூப்பிட்டவர். நானும் அப்பிடித்தான் வந்தனான். என்னை அந்தப் பேரிலை கூப்பிட்ட மனுசன் இப்ப இல்லை. ஆராவது கூப்பிடவேணும்."

முன்வரிசையிலிருந்து மேரிசெலின், பாஸ்டரோடு ஒரே வகுப்பில் படித்தவர், உரத்த குரலில் கேட்டார்.

"பாஸ்டர், அப்ப உங்களை நாங்கள் பள்ளிக்கூடத்திலை என்னெண்டு கூப்பிட்டனாங்கள்? சொல்லுங்கோவன்."

பாஸ்டர் வேதாகமத்தை மூடி மேசையில் வைத்தார். "லோகேஸ்வரன்" என்றார். பிறகு தானே சிரித்துவிட்டார். "லோகு எண்டுதான் சொல்லுவினம். அம்மா கூப்பிட்டது. கேட்டுக் கனகாலம்."

அதற்குப் பிறகு ஜெபம் நடந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. ஆளாளுக்குப் பழைய பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். முப்பது வருடமாக எஸ்தர் என்று அறியப்பட்டவர் தில்லையம்மா என்று தெரிந்தபோது அவருடைய மருமகளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காரில் தவமணி, லியோ சொன்ன ரபிமார் கதையை மகளுக்குச் சொன்னார்.

"யாரோ ரபி சொன்னவர் எண்டு நான் ஏன் கேக்கவேணும்?" என்றாள் ஜெனிதா கடைசியில். சாமி நம்பிக்கை இல்லாததில் அவள் அப்பாவின் மகள்.

"நீ கேக்கவேண்டாம். நான் கேட்டிட்டன். நான் விட்டதை நான் எடுத்திட்டன், அவ்வளவுதான். நீ உன்ரை பேரை மாத்து பிள்ளை. சோறு முக்கியம். நான் மறிக்கேல்லை. ஆனா அப்புவுக்குச் சாப்பாடு கட்டச் சொல்லி அழுத பிள்ளை நீ. அதை மறந்திடாதை."

ஜெனிதா சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாள். "உப்புக் காணாதாம்" என்று தகப்பனின் குரலில் சொன்னாள். பச்சை விழுந்தபிறகும் கார் நகரவில்லை. பின்னால் நின்ற கார்க்காரன் பொறுமையாக இருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் ஓர்ஹூஸுக்குப் போனாள். ஜெனி லுண்ட் என்று கூப்பிட்டார்கள், உள்ளே போனாள். மேசைக்கு அந்தப்பக்கத்தில் மூன்று பேர். பொறியியல் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். உனக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா என்று அவர்கள் கேட்டபோது, போன மாதம் ஜெனிதா ஜீவரட்ணம் அனுப்பிய விண்ணப்பத்தில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டாள். "இரண்டும் நான்தான். இரண்டும் ஒன்றுதான்."

ஒருவர் மேசையைப் பார்த்தார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். மூன்றாமவர், ஒரு பெண், அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். ஜெனிதா சொல்லிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

வேலை கிடைக்கவில்லை. கிடைத்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் கிடைக்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்து, அழுத்தாமல் வைத்திருந்த பெயர் விண்ணப்பத்தை அழித்தாள். பிறகு பனிக்காலம் முழுவதும் தேடினாள். தாயின் சம்பளத்தில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். இளவேனிலில் ரண்டர்ஸ் நகரத்துச் சின்ன நிறுவனம் ஒன்று அவளை எடுத்தது. இன்று அங்கே ஒரு மாடிக் குடியிருப்பின் தபால்பெட்டியில் முழுப்பெயர் ஒட்டியிருக்கிறது. இடம் போதாமல் எழுத்துகள் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஒரு பெயரை வைத்திருப்பதற்கு ஒரு பனிக்காலம் முழுவதும் விலை கொடுத்தாள் அந்தப் பெண். ஏன் கொடுக்கவேண்டும்? பெயரை மாற்றிக்கொண்டு உள்ளே போகிறவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பசியைத் தந்துவிட்டுப் பெயரைக் கேட்கிறவர்களைத்தான் குறை சொல்லவேண்டும். டேனிஷ்காரரைத் திட்டிவிட்டு நாம் எழுந்து போய்விடவும் முடியாது. பெயரைக் கேட்டதும் ஊர் எது, தகப்பன் யார் என்று விசாரித்துச் சாதியைக் கண்டுபிடித்து, பிறகு வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்?

லியோ ஹன்சன் இப்போது தவமணியைச் சாரா என்று கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு காலையும் முயல்கிறார். "தாவ்மானி" என்கிறார். "தவமணி" என்று திருத்துகிறார் இவர், காலுறையை இழுத்தபடி. மறுநாளும் அதே தாவ்மானிதான். ஆனாலும் கூப்பிடுகிறார். அந்த வீட்டுப் படியேறும்போது தவமணியின் நடை கொஞ்சம் வேகமாகிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வேலையிடத்தில், மாடிவீட்டில், சபையில், கோயிலில், நாக்குக்கு வசதியாக நீங்கள் சுருக்கிக் கூப்பிடுகிற ஒருவர் இருப்பார். நாளைக்கு அவரிடம் போங்கள். வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லித் தருவார். சரியாக வரும்வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள்.